கோடையில் கரையாத சிவப்பு

என் மேஜை இழுப்பறையில் ஒரு வட்டமான தகரச் சிமிழ் இருக்கிறது. வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி குடை பிடித்துக்கொண்டு புல்வெளியில் நிற்கிறாள். முகத்தின் ஒரு பக்கத்தைத் துரு தின்றுவிட்டது. உள்ளே இருப்பது உதட்டுக்கும் கன்னத்துக்கும் பொதுவான சிவப்புச் சாயம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நிறம் மங்கவில்லை. அதன் நடுவில் ஒரு விரல்நுனி அளவுக்குச் சின்னக் குழி. அது ஆச்சியின் மோதிர விரல் பட்ட இடம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்தைந்து வயது. சென்னையில் சீமை அலங்காரச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில், திருச்சிக்குத் தெற்கே போய் விற்கிற ஏஜெண்டு உத்தியோகம் கிடைத்தது. காவியங்களில் வசந்தகால வர்ணனைகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அதனால்தான் எடுத்தார்கள் என்று நம்பினேன். மேனேஜர் அந்த நம்பிக்கையை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார்: “உன் மூஞ்சியில எதைப் பூசினாலும் முன்னேற்றமாத் தெரியும்.” அந்த வருஷம் வந்திருந்த சரக்கு ‘வசந்தத்துக்கும் கோடைக்கும்’ என்று தனியாகச் செய்தது. ஸ்நோ, பவுடர், இந்தச் சிமிழ், மூன்றும் பட்டுத்துணி விரித்த ஒரு பெட்டியில். புதுக்கோட்டைப் பக்கத்தில் வசந்தம் என்று ஒன்று பஞ்சாங்கத்தில் மட்டும்தான் வரும் என்பதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. வாங்குகிறவர்களிடம் சொல்வதற்குப் பெரிதாக இன்னொன்று கொடுத்திருந்தார்கள்: வேர்வையில் கரையாது, தண்ணீரில் போகாது.

விற்பதில் ஒரு சங்கடம் இருந்தது. பூசிக் காட்டாமல் யாரும் வாங்கமாட்டார்கள். ஓர் ஆண்பிள்ளை எந்த வீட்டுப் பெண்ணின் முகத்தில் கைவைத்துப் பூசிக்காட்ட முடியும்? ஆகவே நானே என் முகத்தில் பூசிக்கொண்டேன். அதுவும் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் ஆண்டவன் கொடுத்தபடி. வித்தியாசம் தெரிய வேண்டுமல்லவா? புதுக்கோட்டைக் கீழராஜவீதியில் ஒரு கடை முதலாளி என்னை முதலில் வலப்பக்கமிருந்தும் பிறகு இடப்பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க எந்தப் பக்கமும் எடுபடலை” என்றார். பஸ்ஸில் என் வலப்பக்க சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அரைமுக ஏஜெண்டு என்று பெயரே வந்துவிட்டது.

அந்தப் பெயரை விசாரித்துக்கொண்டுதான் பங்குனி மாதக் கடைசியில் ஒரு கார் வந்தது. அது போய் நின்ற இடம், திருமயத்துக்குப் பக்கத்தில், மலேயாவில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்து வீடு. அந்த வீட்டு மருமகள்தான் ஆச்சி. அந்தப் பக்கத்து வழக்கப்படி, என்னைவிட நாலைந்து வயதே மூத்தவளை நானும் ஆச்சி என்றேன். அவள் என்னைத் தம்பி என்றாள். பதினெட்டு வயதில் கல்யாணம். ஆறு மாதத்தில் கணவர் பினாங்குக்குக் கப்பலேறினார். பின்னாலேயே ஜப்பான் சண்டை வந்தது. சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. கடை, கடிதம், அடுத்த வருஷம் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருப்பதாக ஊரில் பேச்சு. இப்போது வருவதாக எழுதியிருந்தார். சித்திரையில் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ஒரே ஒரு மாதம் தங்குவதாக.

“அவுக கையில இருக்கிற படத்துல எனக்குப் பதினெட்டு,” என்றாள் ஆச்சி. “அந்தப் பொண்ணைத் தேடித்தானே தம்பி வருவாக? வாசல்ல நான் வந்து நின்னா, யாரு இதுன்னு கேட்டுறக் கூடாது.”

சொல்லும்போது சிரித்தாள். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியார் சிரிக்கவில்லை. “ஒரு மாசம்னு எழுதியிருக்கான். அதை ஆயுசுக்குன்னு ஆக்கணும். அதுக்கு என்ன பூசணுமோ பூசுங்க” என்றார். மருமகள் முகத்தில் சீமைச் சாயம் ஏறச் சம்மதித்த மாமியாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மகனைத் திரும்பப் பிடித்து வைக்க அந்தம்மாளிடம் வேறு கயிறு இல்லை.

பாடம் நடந்த விதம் இதுதான். முற்றத்தில் முதுகோடு முதுகாக இரண்டு நிலைக்கண்ணாடி. ஒன்றின் எதிரில் நான், மற்றதன் எதிரில் ஆச்சி. நான் ஒன்றைப் பூசிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் காட்டுவேன். பார்த்து அவள் பூசிக்கொள்வாள். மோதிர விரலால் தொடவேண்டும், அதற்குத்தான் பலம் குறைவு என்றேன். “எனக்கு எல்லா விரலுக்கும் அப்படித்தான்” என்றாள். மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, பொண்ணுக்குப் போட்டா பொண்ணு நல்லாருக்கு. ஒனக்குப் போட்டா பொம்மலாட்டமால்ல இருக்கு?” என்று கேட்டார். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கன்னத்துச் சிவப்பு கைக்குப் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். முடித்து நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் இருந்தவளை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, “இதை எப்படி எடுக்கிறது?” என்றாள்.

இந்த இடத்தில் நான் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டும். சாயத்தை எடுக்கத் தனியாக ஒரு கிரீம் உண்டு. அதை முதல் நடையில் விற்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. சாயம் போகாமல் வாடிக்கைக்காரர்கள் தவிக்கட்டும், அடுத்த நடையில் கொண்டுபோனால் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள் என்பது கணக்கு. அதைவிடப் பெரிய ரகசியம், அந்தக் கிரீமே தேவையில்லை, தேங்காயெண்ணெய் போதும். நான் தினமும் எண்ணெயில்தான் முகம் துடைத்தேன். அதை வெளியில் சொன்னால் கிரீம் விற்காது. ஆகவே என் சாம்பிள் சீசாவிலிருந்து பஞ்சில் கொஞ்சம் தொட்டுக் கொடுத்து, “இது அடுத்த தடவை வரும் ஆச்சி” என்றேன். “அவுக வர்ற அன்னைக்கும் நீங்க வந்துருங்க தம்பி. தனியாப் போட்டா கை நடுங்கும்” என்றாள்.

அந்த நாளும் வந்தது. முந்தின நாளே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக் கணக்குப்பிள்ளை நாகப்பட்டினம் போயிருந்தார். பகல் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்று கணக்கு. சித்திரை வெயில் முற்றத்துக் கல்லைப் பழுக்கக் காய்ச்சியிருந்தது. நான் வழக்கம்போல் வலப்பக்கம் மட்டும் பூச, அவள் முழுக்கப் பூசிக்கொண்டாள். கை நடுங்கவில்லை. பதினெட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஒருவர் தங்கக்கூடிய முகம். வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டதும் நிலைப்படிக்கு ஓடினாள். இறங்கியது கணக்குப்பிள்ளை மட்டும். மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், “பெட்டி மட்டும்தான் வந்திருக்கு, ஆச்சி” என்றார். கப்பலிலேயே காய்ச்சல். கரை சேர மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

மாமியாரின் அலறலில் தெரு கூடத் தொடங்கியது. நான் முற்றத்தில் அரை முகம் சிவந்து நின்றேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது துக்கம் அல்ல, வெட்கம். சாவு வீட்டில் இந்த வேஷத்தோடு யாரும் பார்த்துவிடக் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக ஊருணிக்கு ஓடினேன். எண்ணெய் சீசாவைத் தங்கியிருந்த இடத்தில் விட்டுவந்திருந்தேன். விற்கிற கிரீம் சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை; கையில் இருந்தது சாம்பிள் கிரீம்தான். சீசாவின் அடியில் கிடந்ததை விரலால் வழித்து வழித்து, கன்னம், உதடு, காதோரம் என்று நிதானமாகத் துடைத்தேன். தண்ணீரில் முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டுதான் திரும்பினேன்.

அதற்குள், கேதம் கேட்க வரும் பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து சேருவதற்குமுன் அந்தச் சிவப்பை எடுத்துவிட வேண்டும் என்று உள்ளே முயன்றுகொண்டிருந்தார்கள். கிணற்றடியில் அவளை உட்காரவைத்து முதலில் தண்ணீர், பிறகு சீயக்காய், பிறகு புளி, சாம்பல். சமையற்கார அம்மாள் வெளியே ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “என்னத்தைய்யா பூசிவிட்டீங்க? தோலு உரியுது, அது போக மாட்டேங்குதே!”

“எண்ணெய், தேங்காயெண்ணெய் தடவுங்க, வந்துரும்” என்றேன்.

“கேத வீட்டுல எண்ணெயா? பதினாறு நாளைக்கு எண்ணெய்ச் சட்டியே எடுக்கக் கூடாது. பொட்டு அழிக்கப்போற பொண்ணு மொகத்துல எண்ணெய் வைக்கச் சொல்றீங்களே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “அன்னைக்கு ஒரு மருந்து குடுத்தீங்களாமே, அது எங்க?”

நான் சீசாவைக் காட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சீசாவை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். உள்ளே தேங்காய் நார் உரசுகிற சத்தம் கேட்டது. ஆச்சியின் குரல் மட்டும் கேட்கவில்லை. கேதத்துக்கு வந்தவர்கள் பார்த்தபோது உதட்டில் இருந்தது சாயமா ரத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். ஊருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. புருஷன் செத்த சேதி வந்த அன்று உதட்டுச் சாயத்தோடு நின்றவள் என்று முடிவாகிவிட்டது.

ஆவணியில் எனக்கு மறுபடியும் ஆள் வந்தது. வேலையை விட்டிருந்தேன், இருந்தும் போனேன். இருட்டறை ஒன்றின் கதவோரத்தில் ஆச்சி வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். உதட்டோரத்தில் வெளிறிய தழும்பு. நான் விற்ற அந்தப் பட்டுத்துணிப் பெட்டியைத் தரையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள்.

“இது இங்க இருக்கக் கூடாதாம். நீங்களே கொண்டுபோயிருங்க.” புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, “அன்னைக்கு அந்த மருந்து உங்க பைக்குள்ளதானே தம்பி இருந்துச்சு?” என்றாள்.

“ஆமா ஆச்சி.”

“யாருக்குப் போட்டுத் தீந்துச்சு?”

பொய் சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. அன்று வாய் வரவில்லை. “எனக்குத்தான்” என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்; கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “சரி விடுங்க,” என்றாள். “ஒரு மொகமாச்சும் சுத்தமாச்சே.”

அதற்குப் பிறகு நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. இரண்டு கோடை கழித்து அவளும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என்ன நோய் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை.

நான் பிறகு எழுதிப் பிழைக்கிறவனாகி, என் அரை முகத்தை வைத்து நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். பஸ் கதையைச் சொல்வேன், பொம்மலாட்டத்தைச் சொல்வேன். ஹார்ன் சத்தம் கேட்பதற்கு முன்னால் நிறுத்திக்கொள்வேன். போன வாரம் என் மகள் ஒரு கல்யாணத்துக்காகப் புதிதாக ஏதோ வாங்கிவந்து, கண்ணாடிமுன் நின்று, “கோடைக்குன்னே செஞ்சதுப்பா. வேர்வையில கரையவே கரையாதாம்” என்றாள். நான் எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் சீசாவைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். “இது எதுக்கு?” என்று சிரித்தாள். “இருக்கட்டும்” என்றேன்.

அவள் போனபின் இழுப்பறையைத் திறந்து சிமிழை எடுத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் அறை கொதித்துக்கொண்டிருந்தது. இந்தச் சரக்கைப் பற்றி நான் ஊர் ஊராகச் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. மோதிர விரல் பட்ட அந்தச் சின்னக் குழி, விளிம்புகூட மழுங்காமல் அப்படியே இருந்தது.