கழித்துப் பார்த்த எட்டரை மணி நேரம்

நான் டைம் ஆபீஸ்காரன். வல்லம் வடகாலில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், உள்ளே வந்த பஞ்ச் நேரத்தை வெளியே போன பஞ்ச் நேரத்திலிருந்து கழித்து, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று சொல்வதுதான் பல வருடமாக என் பிழைப்பு. கணக்கில் என்னை ஏமாற்ற முடியாது என்ற திமிரும் உண்டு.

அதே கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற என் மனைவியை ஆறு மாதத்துக்கு பிரேசில் கிளைக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். “வேற ஆளே கெடைக்கலியா?” என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்ததோடு சரி.

தோஹாவில் விமானம் மாறி சாவோ பாலோ போக வேண்டும். டிக்கெட்டில் தோஹா புறப்பாடு இரவு ஒன்றேகால், சாவோ பாலோ வந்துசேர்வது காலை ஒன்பதே முக்கால். பார்த்தவுடன் கை பழக்கத்தில் கழித்துவிட்டேன். எட்டரை மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையோடு சேர்ந்த ஒரு ஷிஃப்ட், அவ்வளவுதான். ஒன்றேகால் விமானத்தில் ‘ஏறிட்டேன்’ என்ற அவள் செய்தி எனக்கு இங்கே விடியற்காலை மூன்றே முக்காலுக்கு வந்திருந்ததே, அதையாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பகல் பன்னிரண்டேகாலுக்கு அவள் இறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. செய்தி இல்லை. போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க நான்கு தடவை எழுந்தேன். விமான எண்ணைப் போட்டுத் தேடத் தெரியும். வரக்கூடாதது ஏதாவது வந்துவிட்டால் என்று விரல் போகவில்லை. லேட் பஞ்சுக்கு விளக்கம் சொல்ல வந்த ஒருவனைக் காரணமில்லாமல் திட்டி அனுப்பினேன். நல்லபடியாக இறங்கட்டும், கேட்கிற முதல் வார்த்தை மன்னிப்புதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான்கு மணிக்கு, விமானத்தில் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பெண் வந்தாள். “இன்னா சார், மொகமே செரியில்ல?”

சொன்னேன். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள்.

“இது தோஹா மணி, அது அந்த ஊர் மணி. ரெண்டையும் எப்பிடி சார் கழிச்சீங்க? நடுவுல ஆறு மணி நேரம் வித்தியாசம் கீது. பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும், பதினாலரை மணி நேரம். அவங்க இன்னும் மேலதான் பறந்துகினு கீறாங்க.”

சிரிப்பு வரவில்லை. கடலுக்கு மேலே அவள் இருக்கிறாள் என்று தெரிந்தபிறகு இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒரகடம் சந்திப்பில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. படப்பையைத் தொடும்போது போன் அடித்தது.

“எறங்கிட்டேங்க.”

“பயந்தியா?” என்றேன். முதல் வார்த்தை மன்னிப்பாக இல்லை.

“பயமா? ஏறி உக்காந்ததுதான் தெரியும். சோத்துக்குக்கூட எந்திரிக்கல. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பிடி ஒரு தூக்கம் தூங்குனதே இல்லீங்க. எழுப்பறதுக்கு ஆளே இல்ல.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கும் எனக்கு டீ வேண்டுமென்று, அவள் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்த நாளிலும் நான்கரைக்கு எழுப்பியவன் நான்தான்.

“மன்னிச்சுக்கோ” என்றேன்.

“எதுக்கு?” என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.