கொசுவத்தில் இன்னொரு கை

இது நடந்தது. நம்பாதவர்கள் ஹட்டனில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு மேலே போகும் பாதையில் கடைசி லயம், அந்த வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. இதைச் சொன்னவள் அங்கே குடியிருக்கும் நாகலெட்சுமி. அவளுக்குச் சண்டை போடத் தெரியும். கதை கட்டத் தெரியாது.

அவள் மலையில் கொழுந்து எடுப்பவள். புருஷன் ஜெயகாந்தனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் இராத்திரி வேலை. பழைய லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று தை மாதம்தான் இந்த வீட்டுக்கு மாறி வந்தார்கள். காலையில் அவள் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும்போது அவன் வந்து படுப்பான். அந்திக்கு அவள் திரும்பும்போது அவன் கிளம்புவான். இடையில் இருக்கும் பகல் முழுவதும் வீட்டில் அவன் மட்டும்தான்.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வீரம்மா குழாயடியில் கேட்டாள். "மத்தியானத்துல ஒங்க வீட்டுல வளையல் சத்தம் கேக்குதே லெட்சுமி. ஊர்ல இருந்து யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லியேக்கா."

வீரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கேள்விதான் நாகலெட்சுமியைக் குடைந்தது.

அன்றிலிருந்து அவள் கண் வீட்டையே மேய்ந்தது. முகம் துடைக்கும் துவாயில் கண்மை. பெட்டியில் இருந்த கூறைச்சேலை வேறு விதமாக மடிந்திருந்தது. அவள் நான்காக மடிப்பவள், யாரோ எட்டாக மடித்திருந்தார்கள். ஜெயகாந்தன் வேறு முன்னைப்போல் இல்லை. முகம் தெளிந்திருந்தது. வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தான். கல்யாணம் ஆன இரண்டு வருஷத்தில் தன்னால் கொண்டுவர முடியாத அந்தச் சிரிப்பை எவளோ கொண்டுவந்துவிட்டாள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"பகல்ல யாரு வந்துட்டுப் போறா?" என்று கேட்டே விட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். வெட்கப்பட்டவன்போல் சிரித்தான்.

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

அந்தச் சிரிப்பு அவளை இராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மத்தியானம், வயிற்றுவலி என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு மலையிலிருந்து இறங்கினாள். பனிமூட்டம் தேயிலைச் செடிகளை விழுங்கிக்கொண்டே வந்தது. லயத்தை அடைந்தபோது பக்கத்துச் சுவர்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். உடம்பில் நாகலெட்சுமியின் கூறைச்சேலை.

அவள் பின்னால், தரையில் குந்தியபடி இன்னொருத்தி. தலையில் முக்காடு. இடுப்பைச் சுற்றிக் கை நீட்டி, சேலைக் கொசுவத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தி இல்லை... இரண்டு பேர்!

நாகலெட்சுமி கதவை உதைத்துத் திறந்தாள்.

உள்ளே ஒரே ஆள்தான். சேலையோடு திரும்பி நின்றது ஜெயகாந்தன். கண்ணில் மை. கையில் கண்ணாடி வளையல்.

"எங்க அவ?"

"யாரு?"

பின்கதவுக்கு ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். விறகுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. அதன்பிறகுதான் புருஷனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க இது... ஆம்பளைங்க மேல ஆசையா ஒங்களுக்கு?"

"இல்ல லெட்சுமி. எனக்கு நீதான். எப்பவும் நீதான்."

"அப்ப பொம்பளையா மாறணுமா?"

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். வளையலை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"தெரியல. சில நாளு ஆமான்னு தோணும். சில நாளு அப்பிடி ஒண்ணும் இல்ல. சின்னதுல அக்கா பாவாடைய உடுத்தி அப்பாகிட்ட அடி வாங்கியிருக்கேன். கல்யாணம் கட்டுனா போயிரும்னு நெனச்சேன். போகல. சேல கட்டுனாத்தான் எனக்கு மூச்சு ஒழுங்கா வருது." அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீதான் ஒண்ணுமே கேக்காம ஏத்துக்கிட்டியே. இப்ப எதுக்கு இப்பிடிக் கேக்குற?"

"நான் ஏத்துக்கிட்டேனா?"

"எனக்கு ஒழுங்கா கொசுவம் வைக்க வராது. நீதான மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல முக்காட்டோட வந்து பின்னால குந்தி வச்சுவிடுவ? நீயும் பேசமாட்ட. எனக்கும் வெக்கம், திரும்பிப் பாக்கமாட்டேன். முடிஞ்சதும் மலைக்குப் போயிருவ..."

அவள் தலையை ஆட்டினாள்.

"நான் ஒருநாளும் வரலைங்க."

பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பொறாமைதான் வந்தது. புருஷன் யாருக்கும் காட்டாத ஒன்றை அவளுக்கு முந்தி ஒருத்தி பார்த்திருக்கிறாள். முகம் சுளிக்காமல் குந்தி உட்கார்ந்து கொசுவம் வைத்திருக்கிறாள். பெண்டாட்டிக்கு வரவேண்டிய நன்றியை எவளோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெரட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். மத்தியானம் பெட்டியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்து நீட்டினாள்.

"கட்டுங்க. நான் வச்சுவிடுறேன்."

"வேணாம் லெட்சுமி. பயமா இருக்கு."

"கட்டுங்கங்கறேன்!"

அவன் கட்டினான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவள் பின்னால் குந்தினாள். வெளியே வெளிச்சம் மங்கியது. கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்தது. வீரம்மா வீட்டு ரேடியோ கரகரத்து நின்றுபோனது.

இடுப்பைச் சுற்றிக் கை நீட்டி, முதல் மடிப்பைப் பிடித்தாள்.

இரண்டாவது.

மூன்றாவது மடிப்பு தானாக வந்து அவள் விரலுக்குள் உட்கார்ந்தது.

ணிங்...

வளையல் சத்தம். அன்றைக்கு அவன் வளையல் போடவில்லை. அவள் கையிலும் இல்லை.

குனிந்து பார்த்தாள்.

கொசுவத்தில் மூன்று கைகள்.

இரண்டு அவளுடையவை. மூன்றாவதில் கொழுந்துக் கறை ஏறிய நகம். மழையில் நனைந்த இலைபோலச் சில்லிட்ட விரல். அவள் தோளுக்கு மேலாக நீண்டிருந்தது.

பிடரியில் மூச்சு.

அவள் திரும்பவில்லை. சேலையையும் விடவில்லை.

இழுத்தாள்.

அதுவும் இழுத்தது.

"விடுடி..." பல்லைக் கடித்தபடி சொன்னாள். "அவரு என் புருஷன். எப்பிடி இருந்தாலும் என் புருஷன். நான் கட்டிவிடுவேன்."

சர்ர்ர்...

சேலை கிழிந்தது.

பிடி விட்டது.

ரேடியோ மறுபடி பாடியது. ஜெயகாந்தன் குனிந்து தன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "லெட்சுமி... ஒனக்கு ஏது மூணு கை?"

அன்று அந்தியில் நாகலெட்சுமி வீரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். புருஷனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இந்தக் காம்பராவுல முன்ன யாரு இருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

வீரம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னாள். "வேலாயின்னு ஒருத்தி. அவ புருஷன் சோலைமலை வீட்டுக்குள்ள சேல கட்டுவாராம். ஒருநாள் அவ பாத்துட்டா. யாரோ ஒருத்திதான் தன்னவிட அழகா உடுத்திக்கிட்டு நிக்கிறான்னு நெனச்சாளாம். புருஷன்னு தெரிஞ்சதும் ஆத்திரத்துல லயத்தையே கூப்புட்டு வாசல்ல நிறுத்திக் காட்டிட்டா. மறுநாள் அந்த மனுசன் உசுரோட இல்ல. அப்புறம் அவளுக்குப் புத்தி பெசகிருச்சு. மத்தியானமானா போதும், 'வாங்க, நான் கொசுவம் வச்சுவிடுறேன்'னு வெறும் சுவரப் பாத்துக் குந்தியிருப்பா."

"பாவம். அவ செத்து எத்தன வருசமாச்சு?"

"யாரு செத்தா? வேலாயி உடப்புசல்லாவையில மக வீட்டுல இருக்கா. வாதம் வந்து படுத்த படுக்கை. கை ரெண்டும் வெளங்காமப் போயி ரொம்ப நாளாச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி உடப்புசல்லாவைக்குப் போனார்கள். வேலாயி முன்பு இருந்த தோட்டத்திலிருந்து பார்க்க வந்தோம் என்றார்கள். மகள் உள்ளே கூட்டிப் போனாள். அம்மா யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னாள்.

வேலாயி கட்டிலில் கிடந்தாள். கைகள் இரண்டும் காய்ந்த குச்சிகளாகப் போர்வைமேல் கிடந்தன.

அவள் கண் முதலில் ஜெயகாந்தனிடம் போனது. அவன் சட்டையும் காற்சட்டையும்தான் போட்டிருந்தான். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முகம் மலர்ந்தது.

பிறகு நாகலெட்சுமியைப் பார்த்தாள்.

மலர்ச்சி போய்விட்டது.

"ஏன்டி..." என்றாள், "எங் கையில இருந்து புடுங்குன?"