மாஸ்டர் ஓட்டப் போகிறார்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். நீதிபதி, இரண்டு பிரசவ டாக்டர்கள், கறிக்கடைக்காரர், மூன்று வங்கி மேனேஜர்கள் என்று ஒரு பட்டாளமே உண்டு. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போனதில், எங்காவது வரிசையில் நிற்கும்போது பெயரைச் சொல்லி அழைத்தால் அவர் திரும்பிப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடமாக அதே டிரைவிங் ஸ்கூல். குரலை உயர்த்தியதே இல்லை என்று பெயர் எடுத்தவர். மாணவர் நேராகக் கொண்டுபோய் லாரியின் வயிற்றில் வண்டியைச் சொருகப் போனாலும், "பரவால்ல, ஸ்டீரிங்கக் கொஞ்சம் ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டே தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்துவிடுவார். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். ஆக்ஸிலேட்டர் மட்டும் வைக்கமாட்டார்கள்.

காலை ஆறு மணிக்கு முதல் மாணவர் அவர் வீட்டு வாசலில் வண்டியை எடுப்பார். மாலை கடைசி மாணவர் அதே வாசலில் கொண்டுவந்து விடுவார். பெட்ரோல் போடப் போனால் அன்றைய மாணவர்தான் ஓட்டுவார். பங்க்கில் ஒட்டி நிறுத்துவதும் ஒரு பாடம். ஒர்க்ஷாப் இருக்கும் சந்து குறுகலானது, அதுவும் பாடம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நன்றாகத் தேறிய மாணவர் ஒருவருக்கு அன்று நெடுந்தூரப் பயிற்சி. மாஸ்டர் வேட்டி கட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து வருவார். மாணவருக்குச் சாப்பாடும் கிடைக்கும். யாருக்கும் இதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். ஒரு நாளைக்கு அறுபது கைகள். நாற்காலியில் வந்து உட்காருகிறவர் பயந்தவரா, பயந்ததைக் காட்டிக்கொள்ளாதவரா என்று கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பயந்தவரிடம் ஏதாவது கேள்வி கேட்பாள். அவர் யோசிக்கும்போது ஊசி உள்ளே போயிருக்கும். "இதோ முடிஞ்சுது" என்பாள், அப்போதுதான் தொடங்கியிருப்பாள்.

அந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு நாள் விடுமுறை சேர்ந்திருந்தது. எடுக்காவிட்டால் போய்விடும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் அவள் தங்கையும் தங்கை புருஷனும் வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்து, டிவியில் போட்டோ காட்டினார்கள். சுற்றுலா பஸ்ஸில் போனவர்கள். போட்டோக்களில் மலை கொஞ்சமும் பஸ் ஜன்னலின் திரைச்சீலை நிறையவும் இருந்தன.

"உக்காந்தா போதும், எல்லாத்தையும் அவங்களே காட்டிடுவாங்க. அடுத்த வருஷம் நீங்களும் புக் பண்ணிடுங்க சகலை" என்றார் தங்கை புருஷன்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டாள். "நாங்க எதுக்கு பஸ்ல போகணும்? அங்க ஒரு வண்டி வாடகைக்கு எடுத்தா இவரே ஓட்டிட்டுப் போறாரு. ஊருக்கே சொல்லிக்குடுக்கறவரு."

சகலை தலையைச் சொறிந்தார். "அங்க ரோட்டுக்கு வலது பக்கம் போகணும். ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும். மலைப்பாதை வேற. நமக்கெல்லாம் சரிப்படுமா?"

அந்த ‘நமக்கெல்லாம்’தான் மாஸ்டரைக் கவிழ்த்தது. கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "ரோடுன்னா ரோடுதான். எந்தப் பக்கமா இருந்தா என்ன" என்றார்.

மனைவி அவர் கழுத்தைப் பார்த்தாள்.

மறுநாளே சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய வரைபடம் விரிந்தது. ஆஸ்பத்திரியில் உபயோகிக்காமல் ஒதுக்கிய, ரத்தம் பிடிக்கும் குழாய்களின் மூடிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். இரவு தங்கும் ஊருக்குச் சிவப்பு மூடி, மதியம் நிறுத்தும் ஊருக்கு ஊதா. விமான நிலையம் இருக்கும் இடத்தில் உப்பு டப்பா. அங்கிருந்து கிளம்பி, ஏரிக்கரை வழியாகப் போய், முப்பத்தொரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாகத் திரும்பிவர எட்டு நாள் என்று கணக்கிட்டிருந்தாள்.

மாஸ்டர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவள் வேலைக்குப் போன பிறகு, மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது, ஒரு மூடியைக் கொஞ்சமாக நகர்த்திவைத்தார். அடுத்த நாள் இன்னொன்றை. முதல் வாரம் முடிவதற்குள் கடலோரம் காணாமல் போயிற்று. இரண்டாம் வாரம் மலை. மூன்றாம் வாரம் பார்த்தால் சிவப்பு மூடி எட்டும் உப்பு டப்பாவை நெருக்கிக்கொண்டு நின்றன.

"என்னங்க, நாம ஏர்போர்ட்லயே தங்கறமா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல நல்ல பார்க் ஒண்ணு இருக்காம். நடந்தே போயிடலாம்."

"அப்படியா" என்றாள். மறுநாள் மதியம் அவர் வந்து பார்த்தபோது மூடிகள் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தாள்.

அடுத்து, வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டைத்தான் அவர் நம்பியிருந்தார். சர்க்கார் காரியம் லேசில் நடக்காது, விடுமுறை முடியும்வரை இழுக்கும் என்று கணக்குப் போட்டார். அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குள் போய் வரிசையில் நின்றதும் அங்கே இருந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பதினொரு வருடத்துக்கு முன் அவரிடம் படித்தவர்.

"மாஸ்டர், நீங்க ஏன் வரிசையில நிக்கறீங்க?"

"இல்ல, அவசரம் ஒண்ணுமில்ல. ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல."

"உங்களுக்கா ரெண்டு மாசம்? உக்காருங்க."

இருபது நிமிடத்தில் சீட்டு கைக்கு வந்தது. டீயும் வந்தது. மாஸ்டர் டீயைக் குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வண்டிய எடுங்க. கடைக்குப் போயிட்டு வரலாம்."

"இரு, அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு கிளாஸ் பாக்கி இருக்கு. போன் பண்ணி வரச் சொல்றேன்."

"மாணவர் யாரும் வேணாம். நீங்க ஓட்டுங்க. நான் உக்காந்துட்டு வரேன்."

மாஸ்டர் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கையை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார், கண்ணாடியை நான்கு தடவை திருப்பினார். பிறகு குனிந்து, காலடியில் இருந்த மூன்றாவது பெடலை, வீட்டுக்குள் புகுந்துவிட்ட பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எந்த வண்டியையும் நிறுத்த அவருக்குத் தெரியும். கிளப்புவதுதான் கை விட்டுப் போயிருந்தது.

வண்டி துள்ளி நின்றது. மறுபடி கிளம்பித் துள்ளி நின்றது. "கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்று பழக்கத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தெருவில் இறங்கிய பின் பால் வண்டி முந்திப் போயிற்று, சைக்கிள் முந்திப் போயிற்று, டியூஷனுக்குப் போன இரண்டு பெண்கள் நடந்தே முந்திப் போனார்கள். முனையில் கறிக்கடைக்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து வணக்கம் வைத்தார்.

"என்ன மாஸ்டர், மெதுவா ஓட்டிக் காட்டறீங்களா?"

"ஆமா. இவங்களுக்கு" என்று பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

கடைக்கு இரண்டு கிலோமீட்டர். நாற்பது நிமிடம் ஆயிற்று. நிறுத்திய பிறகும் அவர் இறங்காமல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றார் கடைசியில்.

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து தெரியும். பாப்பா பொறக்கற அன்னிக்கு எனக்கு வலி வந்தப்ப யாரு ஓட்டினது?"

துணிக்கடைக்காரர். அன்று அவருக்கு நான்காவது வகுப்பு. முழு வழியும் இரண்டாவது கியர். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன ஒன்பதாவது நிமிடம் குழந்தை பிறந்தது.

"அப்ப தெரிஞ்சுதான் சகலை முன்னாடி அப்படிச் சொன்னியா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். வேற எப்படிச் சொன்னாலும் நீங்க வரமாட்டீங்க."

மாஸ்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. சிரித்து முடித்ததும் பயம் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, வீடுகள் இன்னும் எழும்பாத ஒரு மனைப் பிரிவில் பயிற்சி தொடங்கியது. மாஸ்டரின் இருக்கையில் மனைவி. அவளுக்கு ஓட்டத் தெரியாது. பயந்தவர்களை வழிக்குக் கொண்டுவரத் தெரியும்.

"நீங்க படிச்ச ஸ்கூல்ல ஹெட்மாஸ்டருக்கு மீசை இருந்துச்சா?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லுங்களேன்."

அவர் யோசித்தார். "இருந்துச்சு. ஆனா ஒரு பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கும். அவரே வெட்டிப்பாருன்னு நெனைக்கறேன்."

"இதோ முடிஞ்சுது" என்றாள். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தொட்டிருந்தது.

இப்படி ஹெட்மாஸ்டர் மீசையில் தொடங்கி, அவருடைய பெரியப்பாவின் செருப்பு, முதல் சம்பளத்தில் வாங்கிய குடை என்று பேசிப் பேசியே பத்து நாளில் அறுபது வரை கொண்டுவந்துவிட்டாள். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவளுக்கு பிரேக்கின் ருசி பிடித்துவிட்டது. நினைத்தபோதெல்லாம் மிதித்தாள்.

"இப்ப எதுக்கு?"

"நாய்."

"அது தூங்குது."

"எழுந்துட்டா?"

"பிரேக்க நான் பாத்துக்கறேன். நீயே மிதிச்சா எனக்கு எப்படித் தைரியம் வரும்?" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. இதே வார்த்தைகளை நீதிபதி அவரிடம் கிட்டத்தட்ட கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அப்போது மாஸ்டர் புன்னகை செய்துவிட்டு மறுபடி மிதித்தார்.

வலதும் இடதும் மாறும் விஷயம்தான் மிச்சம் இருந்தது. சகலை தினமும் போன் செய்து, கண்ணாடியைப் பார்த்து முடி வெட்டிக்கொள்வது போல இருக்கும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் தாமதமாக வரும் மாணவருக்காகத் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தபோது மாஸ்டருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அவர் உட்கார்ந்திருப்பது இடது பக்கம். கியர் அவர் வலது கையருகே. இருபத்தாறு வருடமாக அவர் உடம்பு உட்கார்ந்து பழகியது அந்த நாட்டு டிரைவரின் இடத்தில்தான்.

வகுப்பை ரத்து செய்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மனைவி யாருடைய கையிலோ ரப்பர் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க டிரைவர் சீட்டு என் சீட்டுதான்" என்றார் மூச்சிரைக்க.

"அப்ப ஆக்ஸிலேட்டர்?"

"அத மட்டும் புதுசா வச்சிருக்காங்க."

போனார்கள். வாடகை வண்டியை எடுத்த முதல் ஒரு மணி நேரம், திரும்புவதற்கு விளக்குப் போட நினைத்தபோதெல்லாம் வைப்பர் ஆடியது. கொளுத்தும் வெயில். முதல் ரவுண்டானாவில் வெளியேறத் தெரியாமல் நான்கு தடவை சுற்றினார். "நடுவுல பூச்செடி நல்லா வச்சிருக்காங்க, இன்னொரு தடவை பாத்துட்டுப் போலாம்" என்றாள் மனைவி. ஐந்தாவது சுற்றில் வழி கிடைத்தது.

மூன்றாம் நாள் மலை ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர் முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் பதினொரு வண்டிகள் சேர்ந்துவிட்டன. இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி, அத்தனையையும் கை காட்டி அனுப்பிவிட்டு மறுபடி கிளம்பினார். பதினேழாவது வளைவில் பக்கத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தார். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலடி மிதியடியை இரண்டு பாதங்களாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். இந்த வண்டியில் அவள் பக்கம் பிரேக் இல்லை.

"உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் எந்தக் கையில வாட்ச் கட்டுவாங்க?" என்றார் மாஸ்டர்.

"எனக்கு ஹெட்மாஸ்டர்தான்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சரி, அவரு?"

அவள் யோசித்துச் சொன்னாள். அதற்குள் உச்சி வந்துவிட்டது. இறங்கி நின்று பார்த்தார்கள். ஒரு போட்டோ எடுத்தார்கள். அதில் மலை முழுசாக இருந்தது. வண்டியின் பின்பக்கம் மட்டும் ஓரமாகத் தெரிந்தது.

ஊர் திரும்பிய பத்தாம் நாள், டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருந்த தபால்காரர் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்க வந்தார். கையை நீட்டியதும் குறையைச் சொல்லத் தொடங்கினார்.

"ஒரு வாரமா மாஸ்டரேதான் ஓட்டறாருங்க. நாங்க பக்கத்துல உக்காந்து வேடிக்க பாக்கறோம். நேத்து பக்கத்து ஊர் வரைக்கும் போயிட்டு வந்தோம். அவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

"அவரு சீட்டுலதானே உக்காந்திருக்கீங்க? பிரேக் உங்க காலுகிட்டதான் இருக்கு. மிதிங்க" என்றாள், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.

தபால்காரர் மறுநாள் காலை அப்படியே செய்தார். வண்டி துள்ளி நின்றது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மாஸ்டர் கேட்கவில்லை. இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, தபால்காரர் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றார்.

"சரி, நகருங்க. கிளட்ச்ச மெதுவா விடணும்" என்றார்.