அவர் நம்ம வாத்தியார், நான் பெரிய வாத்தியார்

மலேசியாவில், ஈப்போ பக்கம் காம்பார் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், எழுபதுகளின் தொடக்கத்தில், அவரும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். சில வருடங்களில் எனக்குத் தலைமையாசிரியர் பதவி வந்தது. அவர் கடைசி வரைக்கும் முதலாம் வகுப்பு ஆசிரியர்தான். தோட்டத்துச் சனங்கள் என்னைப் 'பெரிய வாத்தியார்' என்றார்கள். அவரை 'நம்ம வாத்தியார்' என்றார்கள். அந்த 'நம்ம'வுக்காக என் பதவியையே கொடுத்திருப்பேன். கொடுத்தாலும் கிடைத்திருக்காது, அது வேறு விஷயம்.

அப்படி என்னதான் இருந்தது அவரிடம்? கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். மலாய் தடுமாறும், கல்வி இலாகாவிலிருந்து ஆள் வந்தால் நான்தான் பேச வேண்டும். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தானே பொங்கித் தானே தின்றுகொண்டிருந்தார். ஆனால் விடிவதற்கு முன்னே பிரட்டுக்களத்தில் போய் நிற்பார். பால்மரம் வெட்டுகிறவர்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது. மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்க ஆள் வேண்டுமென்று தாய்மார் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். இவர் அங்கேயே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வார். முகம் கழுவிவிட்டு, தன் வீட்டில் ரொட்டியும் பால் ஊற்றாத கோப்பி ஓவும் கொடுத்து, வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைப்பார். நான் சிலிபினிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது பள்ளி நிறைந்திருக்கும். நான் மணி அடிப்பேன். மணி அடிக்கிறவனை யார் கும்பிடுவார்கள்?

ஆறாம் வகுப்போடு மாரடித்தவன் நான். தேறி, ஈப்போவுக்கு இடைநிலைப்பள்ளி போன பிள்ளைகள் தீபாவளிக்கு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு நேராக குவார்ட்டர்ஸுக்குத்தான் போவார்கள். வழியில் என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்று ஓரமாக ஒதுங்குவார்கள். எனக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவரைக் கரித்துக் கொட்டுவேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்ல மனிதராகப் போய்விட்டார், அதுதான் தொல்லை.

என் மூத்த மகன் என் கண் பார்வையில் படிக்கட்டும் என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றி அதே பள்ளிக்குக் கூட்டி வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதலாம் வகுப்பு யாரிடம் என்பதை யோசிக்கவில்லையே! ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் 'வாத்தியார் சொன்னாரு' ஆகிவிட்டது. சோறு பிசைவதுகூட அவரைப் போலவே விரல் நுனியால் பிசைந்தான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவருக்குத் தன் பிள்ளை கிடையாது. அதனால் என் பிள்ளை வளர்ந்தான், அவருக்கு.

எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். சனங்கள் ஈப்போவில் புந்தோங் பக்கம் குடிபோனார்கள், அவரும் அங்கே ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். இனிப்புநீர் வியாதி முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பெரியவனாகி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மகன் நாள் தவறாமல் ஓடினான். நானும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலருகே இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அவன் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் வாசலில் நின்றபடியே "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன் அவன்.

அவர் இறந்த அன்று புந்தோங்கில் அந்தச் சந்து முழுக்க ஆள். லோரி ஓட்டுகிறவன், நர்ஸ், கடைக்காரன் என்று எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். கொள்ளி வைக்க மட்டும் உறவு என்று யாரும் இல்லை. யார் செய்வது என்று சடங்கு செய்ய வந்த பெரியவர் கேட்டதும் என் மகன் முன்னால் வந்து நின்றான்.

பெரியவருக்கு அவனைத் தெரியும். தகப்பன் இருக்கிறவன் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கக் கூடாது, அது தகப்பனுக்கு ஆகாது என்றார். ஆசைப்படுகிறான் என்றால் பெற்றவர் வாயால் சம்மதம் சொல்லட்டும் என்றார். சந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த என் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தகப்பன் இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் நிற்கிறார்களே என்றேன். குரல் நியாயம் பேசுவது போலத்தான் வந்தது. உள்ளே எரிந்தது எனக்குத்தான் தெரியும். என் உயிருக்கு என்ன ஆகும் என்ற பயமெல்லாம் இல்லை. உயிரோடு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், என் பிள்ளை இன்னொருத்தருக்குப் பிள்ளையாகிறானே என்ற ஆத்திரம்.

மகன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான். "நான் செய்யறேன்னு ஆஸ்பத்திரியில நான்தான் கேட்டேன்பா. வாத்தியார் சரின்னு சொல்லல. 'ஒங்கப்பாவக் கேளு, அவருக்கு மனசு இல்லன்னா செய்யக் கூடாது'ன்னாரு."

பாருங்கள். சாகிற நேரத்திலும் மனிதர் முறை தவறவில்லை. வேண்டாம் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லும் உரிமையை அவரே எனக்கு விட்டுவைத்துப் போயிருந்தார். அந்த உரிமையை வைத்துக்கொண்டு அத்தனை சனத்துக்கு முன்னால் நான் என்ன செய்வது?

"செய்" என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுவிட்டுப் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். கத்தி ஓட ஓட, சின்ன வயதில் என் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து வந்த அந்தத் தலை வெளியே தெரிந்தது. சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தான். அழுதுகொண்டே நெருப்பு வைத்தான். நானும் அழுதேன். கூட இருந்தவர்கள் இத்தனை வருட சிநேகிதம் என்று என் தோளைத் தட்டினார்கள்.

எனக்கும் ஒரு நாள் அவன் கொள்ளி வைப்பான். வைக்காமல் எங்கே போய்விடுவான்? தலைச்சன் பிள்ளை, கடமையில் குறை வைக்க மாட்டான். ஆனால் அது அவன் வைக்கிற இரண்டாவது கொள்ளி.