கேட்டில் கட்டிய வேப்பிலை

போன கோடையில் புதுக் காய்ச்சல் ஒன்று பரவுகிறது என்று செய்தி வரத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் முதலில் பரபரப்பானவள் நான்தான். பாண்டியில் படிக்கிறவள், கைப்பேசியில் எதையாவது படித்துக்கொண்டே இருக்கிறவள். போதாததற்கு அப்பாவின் நுரையீரல். முந்தைய தொற்றில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தவர் அவர். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவர் மறந்துவிட்டார், என்னால் மறக்க முடியவில்லை.

பின்பக்க அறையிலிருந்த உர மூட்டைகளை மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளினேன். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த அறையில்தான் இருக்க வேண்டும். ஜன்னலை அடைத்திருந்த அட்டையைப் பிய்த்தேன். தனித் தட்டு, தனி வாளி, தெர்மாமீட்டர், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி, மாத்திரை, முகக்கவசம் எல்லாம் வந்து சேர்ந்தன. அரிசிக்குக் கவலையில்லை, சொந்த நெல். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஓட மாட்டேன் என்றாள்.

வாசல்தான் சரிப்படவில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரில்தான் பக்கத்து நிலங்களும் பாய்கின்றன. மோட்டார் கொட்டகைச் சாவி அப்பாவிடம். இன்றைக்கு யாருக்குத் தண்ணீர் என்று கேட்க விடிந்ததிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர் கூடத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, இருமி, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் எழுவார். முகக்கவசம் நீட்டினால் சிரித்தார்கள். உள்ளே வர வேண்டாம் என்று அட்டையில் எழுதிக் கேட்டில் மாட்டினேன். ஒரு மாமா அதைப் படிக்காமலே, வூடு வாடகைக்கு விடப் போறீங்களா என்று கேட்டுக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். யாரும் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியாள் ஒருவர்கூட உள்ளே வர மாட்டார். நோய்த்தடுப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த நாட்டிலும் இருக்காது என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, கொல்லை வேம்பில் ஒரு கொத்து ஒடித்துக் கேட்டில் கட்டினேன்.

"ஆத்தா விஷயத்துல வெளாடாதடி" என்று அம்மா பதறினாள். வெறும் இலைதானே என்றேன். பொய்யாகக் கட்டினாலும் கட்டியது கட்டியதுதான், அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது என்று அன்றைக்கே எங்கள் அடுப்பில் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். மறுநாள் கூடம் காலியாகக் கிடந்தது. தண்ணீர் முறையைப் போனில் பேசினார்கள், சாவி கேட் கம்பியில் தொங்கியது. நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் திரிந்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா எங்களுக்கு உறவில்லை, பழக்கத்தில் சின்னம்மா. தினமும் காலையில் கேட்டருகே இளநீர் வைத்துவிட்டு, வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அவள் சமையலறையும் எங்களுடையதும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அவள் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அந்த வாரம் தும்மலே வரவில்லை. எங்கள் வீட்டு அம்மைக்காக அவளும் தாளிப்பதை நிறுத்தியிருக்கிறாள் என்று அம்மா சொன்னபோது, நான் குடித்துக்கொண்டிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. அவளுடைய ஒரே மகளை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளை, தவளக்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. சின்னம்மா அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, உத்தரத்தில் குழந்தையின் ஏணைக்குக் கொக்கிகூட மாட்டிவிட்டாள். ஒரு மத்தியானம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனில் பேசுவது கேட்டது.

"பக்கத்து வூட்ல ஆத்தா வந்துருக்கு சம்பந்தி. வாயும் வயிறுமா இருக்கறவள எப்படி இட்டாறது? பிரசவம் அங்கயே ஆவட்டும்." அங்கிருந்து ஏதோ கேட்டிருப்பார்கள். பிறகு இறங்கிய குரலில், "செலவுக்குப் பயந்துகினு இல்ல சம்பந்தி. பெத்த பொண்ண யாராச்சும் வேணாம்பாங்களா?"

அவள் செய்ததில் தப்பே இல்லை. கர்ப்பிணிக்கு அம்மை ஆகாது என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் அம்மைதான் இல்லையே. ஈரத்துணியோடு போய் அம்மாவிடம் சொன்னேன். "நீ கட்டுன, நீயே போயி சொல்லு" என்றாள்.

வேப்பிலையை அவிழ்த்துவிட்டுப் போனேன். சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முறம் அசையவில்லை.

"அப்ப யாருக்கும் ஒண்ணும் இல்ல?"

"இல்ல சின்னம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாப்பா."

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவள் உடனே சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்தாள். அவர்கள் நம்பவில்லை. இல்லாத அம்மையை இருக்கிறது என்று சொல்ல ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் மகள் மேல் ஏக்கத்தில் ஒரு தாய், இருக்கிற அம்மையை இல்லை என்று சொல்லலாம். அவர்கள் கணக்கு அது. நானே நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை எங்கள் கூடத்தில் மறுபடி ஆள் சேர்ந்திருந்தது. அம்மா வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, வருகிறவர்களைக் கை கழுவ வைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடித்தது. சின்னம்மா மகளுக்குப் புளிசாதம் கிளறி எடுத்துக்கொண்டாள், இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

அக்காவின் மாமியார் கேட்டைப் பாதி திறந்து சின்னம்மாவை மட்டும் உள்ளே விட்டார். "நீ வெளியவே நில்லும்மா, தப்பா நெனச்சிக்காத." தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவின் நுரையீரல் முதல் வேப்பிலை வரை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாமி பேர்ல யாராச்சும் பொய் சொல்லுவாங்களா? படிச்ச பொண்ணு நீ. உங்க சின்னம்மா சொல்லச் சொன்னாங்கன்னு இங்க வந்து நிக்கற" என்று கேட்டைச் சாத்தினார்.

வெயிலில் நின்றேன். ஜன்னல் பக்கம் அக்கா வந்தாள், வயிற்றில் கை வைத்தபடி. நான் சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும், "அப்பாவுக்கா போட்டுருக்கு? ஒடம்பு தாங்குமாடி?" என்று விசாரித்தாள்.

திரும்பும்போது சின்னம்மா காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பிரசவம் அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. பாகூர் ஏரி தெரிகிறபோதுதான் பேசினாள்.

"அந்தப் புதுக் காய்ச்சல்னு சொல்லிகினு இருந்தியே, பச்சப்புள்ள இருக்கற வூட்டுக்கு வந்தா இன்னா பண்ணணும்?"

அத்தனை நாளும் ஊர் முழுக்க அதையே பேசித் திரிந்திருக்கிறேன். ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"வெளியாள உள்ள உடக்கூடாது சின்னம்மா" என்றேன். "கேட்டாண்டயே நிறுத்திடணும்."

அவள் தலையாட்டினாள். "அத சம்பந்தியம்மா நல்லாவே பண்றாங்க."