பட்டாணியின் எக்ஸ்ரே படம்

பொன்மலைப்பட்டி பிராங்க்ளினுக்குத் துவாக்குடியில் வேலை. பாய்லர் குழாய்களில் பற்றவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படங்களை இருட்டறையில் விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு படமாவது பார்ப்பான். அவன் சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய குழாய் ஒன்றுகூடப் பத்து வருஷத்தில் திரும்பி வந்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து அவனைப் படிக்க வைத்தவள் அக்கா அமலராணி. இந்தக் கையெழுத்து விஷயத்தை அவள் ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கண்ணால் நஷ்டமும் உண்டு. போன வருஷம் மணப்பாறைக்குப் பெண் பார்க்கப் போனார்கள். காபி வருவதற்குள், ஜன்னல் கம்பியில் பற்றவைப்பு சரியில்லை என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டான். அந்த ஜன்னலைச் செய்தவரே அவர்தான்; பின்பக்கம் பட்டறை இருந்தது. காபி வந்தது. பதில் வரவில்லை.

இப்படிப்பட்டவன், வீட்டுக்குள் காலைச் சுற்றிவந்த பட்டாணியைக் கவனிக்கத் தவறிவிட்டான். பட்டாணி சடைமுடியும் நாட்டுநாய்க் காதுமாக இருக்கும் சின்ன நாய். மார்ச் மாதத்தில் நான்கைந்து நாள் காலைச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வயிற்றில் பூச்சி என்று பிராங்க்ளின் தீர்மானித்து, மாத்திரையே வாங்கி வந்துவிட்டான். அமலராணி அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள். பட்டாணியை மல்லாக்கப் படுக்கவைத்து, தடித்துச் சிவந்திருந்த காம்புகளைக் காட்டினாள்.

"இரும்புக்குள்ள ஊசிமுனை ஓட்டை தெரியுது. இது தெரியலையாடா உனக்கு?"

பிறகு காலண்டரை எடுத்து வந்தாள். காலண்டரில் அவள் எழுதாத சங்கதி கிடையாது. சிலிண்டர் வந்த நாளுக்கு நேராக, கேட்டைச் சாத்தாததால் பட்டாணி ஓடிப்போனதும், மறுநாள் சாயங்காலம் மண்ணும் முள்ளுமாகத் திரும்பி வந்ததும் இருந்தன. அதற்கடுத்த கட்டத்தில், மூன்றாம் தெருச் செவலை நாய் வாசலை விட்டு நகராததும் இருந்தது. ஓடிப்போன அன்றிலிருந்து எண்ணினால் இருபத்தெட்டு நாள்.

ஸ்ரீரங்கத்தில் டாக்டர் சௌமியாவின் கிளினிக்கில் ஸ்கேன் பார்த்துச் சினைதான் என்று உறுதி செய்தார்கள். குட்டி போட ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள், இரண்டு மூன்று முன்னே பின்னே ஆகலாம் என்றார் டாக்டர். போகப் போக வயிற்றில் இடமிருக்காது, அதனால் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கச் சொன்னார். கேட்காமல் எந்த மாத்திரையும் கூடாது என்றார். அமலராணி தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். கடைசி வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துத் தலைகளை எண்ண வேண்டும், எண்ணிக்கை தெரிந்தால்தான் பிரசவம் முடிந்ததா என்று சொல்ல முடியும் என்றும் டாக்டர் சொன்னார்.

விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் பிராங்க்ளின் வேலை செய்தான். ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்தான். பட்டாணி ஏறி இறங்க வசதியாக முன்பக்கத்தைத் தாழ்த்தினான். தாய் சாயும்போது குட்டிகள் சுவரோடு நசுங்கிவிடாமல் இருக்க, உள்ளே சுற்றிலும் ஒரு சாண் தள்ளிக் குழாய் வைத்தான். அந்தக் குழாயின் பற்றவைப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கம்பெனியில் கேட்டார்கள். அவன் அதைக் கேலியென்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. அமலராணி பழைய நூல் புடவைகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கினாள். நூலையும் கத்தரிக்கோலையும் கொதிக்க வைத்து எடுத்தாள். காலையும் மாலையும் பட்டாணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துக் காலண்டரில் எழுதினாள். சூடு தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளைக்குள் குட்டி.

எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டர் ஐந்து என்றார். பிராங்க்ளின் படத்தை வாங்கி, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தன்னுடைய விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தான். ஆறு. போன் போட்டுச் சொன்னான். அது விலா எலும்பின் நிழலாக இருக்கும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவங்க படிச்சவங்கடா, நீ குழாயைப் பாரு என்றாள் அக்கா. அவன் படத்தை உறைக்குள் போட்டான்.

சனிக்கிழமை மாலை சூடு இறங்கியது. ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் குட்டி வந்தது. பதினொன்றுக்குள் ஐந்தும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் வந்த நேரத்தை அமலராணி எழுதினாள். பட்டாணி எல்லாவற்றையும் நக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக் கண்ணை மூடியது. அமலராணி டீ போட்டாள். பிராங்க்ளினின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டரைக்குப் பட்டாணி எழுந்து நின்றது. மூச்சிரைத்தது. முதுகை வளைத்து முக்கியது, ஒன்றும் வரவில்லை. போனில் கேட்டதற்கு, கர்ப்பப்பை சுருங்கும்போது அப்படி இருக்கலாம், ஆனால் தொடர்ந்து முக்கினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். சற்று நேரத்தில் பட்டாணி மறுபடி முக்கியது. பிறகு படுத்துவிட்டது.

ஓய்ந்து கிடப்பவளை அந்த வெயிலில், ஈரம் காயாத ஐந்து குட்டிகளோடு காவிரிப் பாலம் தாண்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்றால் அது வீண் கொடுமை. ஒன்று இருந்து, போகாமல் விட்டால், பட்டாணியே தங்காது.

அமலராணி தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். "தம்பி, விளையாட்டு இல்லை. நிச்சயமா இருக்கா?"

"இருக்குக்கா. இல்லைன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் எழுந்து பர்ஸை எடுத்தாள். "ஆட்டோவைக் கூப்பிடு."

வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் குட்டிகளோடு வைத்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் அமலராணி ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினாள். நாலாவது தட்டுக்குப் பிறகு அவரே முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். ஒன்று இருந்தது, குறுக்கே திரும்பிக்கொண்டு. ஊசி போட்டார்; கையால் மெல்லத் திருப்பினார். அரை மணிக்குப் பிறகு வந்தது, கறுப்பாக, சத்தமில்லாமல். டாக்டர் அதன் வாயைத் துடைத்துத் துண்டில் வைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிராங்க்ளின் அந்தக் குட்டியைப் பார்க்காமல் பட்டாணியின் காதையே தடவிக்கொண்டிருந்தான். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அமலராணி திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

டாக்டர் பழைய படத்தை விளக்கில் மாட்டினார். "எங்க பார்த்தீங்க? காட்டுங்க."

"இங்க மேடம். ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா வெளுப்பு கூடுதலா தெரியும். ஒரு தலைக்கு இவ்வளவு வெளுப்பு வராது."

டாக்டர் படத்தின் அருகில் குனிந்து பார்த்தார். தனக்கு அது விலா எலும்பாகத்தான் தெரிந்தது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அமலராணி, டாக்டருக்கு உதவி செய்த பெண்ணிடம், இவன் என் தம்பி என்றாள். அவன் யாரென்று அந்தப் பெண் கேட்கவே இல்லை.

வெளியே, கழுத்தில் மணி கட்டிய பொமரேனியனோடு உட்கார்ந்து உள்ளே பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், தம் படத்தை உறையிலிருந்து உருவிப் பிராங்க்ளினிடம் நீட்டினார். "எங்காத்துக் குழந்தைக்கும் எத்தனைன்னு பார்த்துச் சொல்லிடுங்கோ."

பிராங்க்ளின் அதைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான். கண்கள் இடுங்கின.

"சார், அதை டாக்டரே பார்ப்பாங்க," என்று அமலராணி படத்தை வாங்கிப் பெரியவரிடம் கொடுத்தாள். "வாடா, ஆறும் பசியில கத்துது."