முசல்பாய்ஞ்சான்

போர் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊரில் இருந்த எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாதக்கணக்காக ரொறன்ரோ வீதிகளில் பதாகை பிடித்து நின்ற என் கணவரும் அண்ணாவும் இப்போது நகரின் ஓரம், ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் கதிரை போட்டுப் பேசாமல் இருப்பார்கள். தேத்தண்ணி ஆறிப்போகும். நான் சூடாக்கிக் கொண்டுவருவேன். அதுவும் ஆறும்.

ஒரு ஞாயிறு பின்னேரம், நான் நட்ட பயற்றங்கன்றை ஒரு முயல் வந்து தின்றது. ஒருவரும் எழும்பவில்லை.

"முசல்பாய்ஞ்சான் ஞாபகம் வருது," என்றார் அண்ணா. வன்னியில் எங்கள் ஊருக்கும் கணவரின் ஊருக்கும் நடுவே கிடந்த வெளி அது; முயலை அங்கே முசல் என்போம். "நாய் கலைக்க, முசல் திரும்பி நாயில பாய்ஞ்ச இடம்."

"விசர்க்கதை கதையாதை மச்சான்," என்றார் கணவர். "முசல் கிணத்துக்குள்ள பாய்ஞ்சது. பின்னால நாயும் பாய்ஞ்சது."

"அந்த வெளியில ஏது கிணறு?"

"நாய் செத்த பிறகு தூர்த்துப்போட்டாங்கள்!"

வாய் திறக்காதிருந்தவர்கள் இப்படிக் கத்தவும், பக்கத்து வீட்டு ஐரிஷ் கிழவர் அடிபிடி என்று நினைத்து வேலிக்கு ஓடிவந்தார். நான் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு பேர் சொல்வதும் பிழை என்றார். அவருடைய ஊரிலும் முயலின் பேரில் ஒரு வயல் உண்டாம். எந்த வேட்டைநாய்க்கும் அகப்படாத முயலாம். ஒருநாள் ஒரு நாய் அதன் காலைக் கவ்விவிட, மறுநாள் ஊர்க் கிழவி ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாளாம். முயல் அவள்தானாம்.

நான் தமிழில் சொன்னதைக் கேட்டு அண்ணா யோசித்தார். "முசல் திரும்புமோ திரும்பாதோ எண்டு இப்ப பாப்பம். அவற்ற நாயை அவிட்டுவிடச் சொல்லு."

கிழவரின் நாய் கொழுத்தது, வயதுபோனது. முயலை ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. முயல் தொடர்ந்து தின்றது. பொறுக்கமாட்டாமல் அண்ணா தானே கலைத்துக்கொண்டு ஓடினார். முயல் திரும்பாமல் ஓடியது. அண்ணா தண்ணீர்க் குழாயில் தடக்கி விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

கிழவர் என் காதோடு மெல்லக் கேட்டார், எந்தக் கால் என்று.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, எப்படி விழுந்தார் என்று கேட்டாள். முயலைக் கலைத்தார் என்றேன். ஏன் என்றாள். ஒரு வெளிக்கு எப்படிப் பெயர் வந்தது என்று பார்க்க என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தி, தலையிலும் அடிபட்டதா என்று கேட்டாள்.

அதை நான் தமிழில் சொன்னதும் கணவர் சிரித்தார். அண்ணாவும் சிரித்தார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அப்படியே விம்மத் தொடங்கினார். டொக்டர் கால் வலி என்று நினைத்து ஊசி போடச் சொன்னாள். நாங்கள் மறுக்கவில்லை.